காப்பு கட்டிய வார்டு

அந்தப் பட்டைக்குக் காப்பு என்று பெயர் வைத்தது நான்தான். இதில் வேறு யார் மேலும் பழியைப் போட வழியில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வார்டும் தரச்சான்று வாங்கியாக வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. வெளியூரிலிருந்து ஆய்வாளர்கள் வருவார்கள். கையைக் கழுவினாயா, மருந்தைக் கொடுக்கும் முன் ஆளைச் சரிபார்த்தாயா, படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைத்தாயா என்று ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். நான் ஆண்கள் பொது வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர். இருபத்தெட்டு வருட சர்வீஸ். அந்தப் புத்தகம் என் மேஜைக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னால் இன்சார்ஜுக்கு என்ன மரியாதை இருக்கும்? அதனால் கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரிந்திருக்காது.

புத்தகத்தில் ஒரு விதி: வார்டில் படுத்திருக்கும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பேரும் நம்பரும் எழுதிய பிளாஸ்டிக் பட்டை இருக்க வேண்டும். எங்கள் ஊருக்கு இந்த விதியின் தேவை மற்ற ஊர்களைவிட ஜாஸ்தி. இங்கே ஆண்பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மலையின் பேர். மலைக்கோ தமிழில் ஒரு பேர், வடமொழியில் ஒரு பேர். இரண்டும் ‘அ’வில்தான் ஆரம்பிக்கும். வார்டு வாசலில் நின்று அதில் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நாலு தலையாவது திரும்பும். அவர்களில் இரண்டு பேர் தங்களை இல்லை என்று தெரிந்த பிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து வருவார்கள்.

ஆனால் பட்டையைக் கட்ட யாரும் கையை நீட்டவில்லை. “ஜெயில்ல நம்பர் போடற மாதிரி போடறீங்களே” என்றார் ஒருவர். அரிக்குது என்றார் இன்னொருவர். இளம் நர்சுகள் கெஞ்சிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். நான் நேராகக் கட்டிலுக்குப் போனேன். “பெரியவரே, இது காப்புங்க. ஊர்த் திருவிழாவுக்குக் கட்டிக்கிறீங்க இல்ல? அதே மாதிரிதான். உங்களுக்குப் பாதுகாப்பு” என்றேன். அவர் சட்டென்று கையை நீட்டினார். அன்று மாலைக்குள் வார்டில் எல்லோர் கையிலும் பட்டை ஏறிவிட்டது. தரச்சான்று வேலைக்கென்று எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டரைப் போட்டிருந்தார்கள், என் மகள் வயதுதான் இருக்கும். அவர் வந்து பார்த்துவிட்டு, “சூப்பர் சிஸ்டர், மத்த வார்டுலயும் காப்புன்னே சொல்லச் சொல்றேன்” என்றார். இரண்டு நாள் எனக்குத் தலை கால் புரியவில்லை.

அதே டாக்டர்தான் அலமாரியிலிருந்து ஒரு பதிவேட்டையும் எடுத்தார். வார்டில் நடந்த தவறுகளை எழுதும் நோட்டு. தவறு நடக்க இருந்து கடைசி நேரத்தில் தடுக்கப்பட்டிருந்தால் அதையும் அதில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் வார்டின் பேர் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை.

“ஆறு மாசமா ஒண்ணுமே நடக்கலையா சிஸ்டர்?”

“என் வார்டுல அப்படியெல்லாம் நடக்காது டாக்டர்.”

அவர் நோட்டை மூடிவைத்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது. அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி, வேறு எங்கோ ஓர் ஊரில், ஊசியை மாற்றிப் போட்டதைத் தானே எழுதிக் கொடுத்து மெமோ வாங்கினாள். அந்தச் செய்தி எங்கள் எல்லோர் காதுக்கும் வந்தது. அதிலிருந்து நாங்கள் கற்றது ஒன்றே ஒன்று: எழுதாதே. வருஷக்கணக்கில் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தேன்.

ஆய்வுக்கு முந்தின நாள் காலை வார்டு தலைகீழாகக் கிடந்தது. ஜன்னலோரச் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதற்காக ஆட்களை இடம் மாற்றி, காய்ந்ததும் திரும்பப் படுக்கவைத்ததில், எல்லோரும் பழைய இடத்துக்கு வரவில்லை. நான் இரண்டு நாளாக மீட்டிங் மீட்டிங் என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் இருப்பவர் ரத்தசோகைக்குச் சேர்ந்த விவசாயி, மலையின் தமிழ்ப் பேர்க்காரர் என்பதுதான் என் மனதில் இருந்தது. அவரை எதிர் வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். இப்போது ஜன்னலோரம் படுத்திருந்தவரும் ரத்தசோகைக்கு வந்த விவசாயிதான். அதே ஒட்டிய கன்னம், அதே நரைத்த முள்தாடி. இவருக்கு மலையின் வடமொழிப் பேர். இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உதவும் கேஸ் ஷீட்டுகளை, ஆய்வாளர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று என் அறையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பத்தரை மணிக்கு ரத்த வங்கியிலிருந்து பை வந்தது, தமிழ்ப் பேர்க்காரருக்கு. ரத்தம் ஏற்றும்போது இரண்டு நர்சுகள் கட்டில் பக்கத்தில் நின்று, ஒருவர் பையில் இருப்பதைப் படிக்க, ஒருவர் கேஸ் ஷீட்டில் இருப்பதோடும் கையில் உள்ள பட்டையோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். எங்கள் பழக்கம் வேறு. ஒருத்தி ஏற்றுவாள், இன்னொருத்தி நேரம் கிடைக்கும்போது வந்து கையெழுத்துப் போடுவாள். கட்டத்தில் இரண்டு கையெழுத்து இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆள் கம்மியான வார்டில் வேறு எப்படி வேலை நடக்கும் என்று நானே எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

பையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனேன். பெரியவர் கண்ணயர்ந்திருந்தார்; காதும் மந்தம். கையைத் தூக்கிப் பார்த்தேன். பட்டை இல்லை. எனக்குச் சுருக்கென்றது. நாளைக்கு ஒரு மதிப்பெண் போச்சே என்றுதான் சுருக்கென்றது, இவர் யார் என்று இல்லை. அவர் மனைவி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து கஞ்சி டம்ளரைக் கழுவிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க வூட்டுக்காரர் பேர் இன்னாம்மா?”

அந்த அம்மா முந்தானையை வாயருகே வைத்துச் சிரித்தார். புருஷன் பேரைச் சொல்லிப் பழகாத வயது. ஜன்னலுக்கு வெளியே மோவாயைக் காட்டினார். “நம்ம மலை பேருதாங்க.”

“ரத்தம் ஏத்தணும்னு டாக்டர் சொன்னாரா?”

“நேத்தே சொன்னாருங்க.”

எல்லாம் பொருந்திவிட்டது. பையை மாட்டினேன். குழாயில் ரத்தத்தை இறக்கி, அவர் கையில் இருந்த ஊசியில் பொருத்தினேன். கட்டைவிரலை ரோலரின் மேல் வைத்தேன். அந்தச் சின்னச் சக்கரத்தை உருட்டினால் சொட்டு விழ ஆரம்பிக்கும்.

“சிஸ்டர், பையில இருக்கிற பேஷண்ட் நம்பரைச் சொல்லுங்க.”

பின்னால் எங்கள் வார்டின் ஒப்பந்த நர்ஸ் நின்றிருந்தாள், சின்ன சிஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்து இரண்டு வருடம். பேசினால் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காது. என் அறையில் அடுக்கியிருந்ததிலிருந்து, இப்போது ஜன்னலோரம் படுத்திருப்பவரின் கேஸ் ஷீட்டை உருவிக்கொண்டு வந்திருந்தாள்.

“கையெழுத்துதானே? அப்புறமா போட்டுக்க.”

“இல்ல சிஸ்டர். நீங்க நம்பர் சொல்லுங்க, நான் ஷீட்டைப் பாக்கறேன்.”

“எனக்கே கிளாஸ் எடுக்கறியா நீ?”

அவள் காது சிவந்துவிட்டது. ஆனால் நகரவில்லை. “சொல்லுங்க சிஸ்டர்.”

தொல்லை விட்டால் போதும் என்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி ராகம் போட்டுப் படித்தேன். “எட்டு... ஒண்ணு... ஆறு. போதுமா?”

அவள் ஷீட்டைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். “இவருக்கு எட்டு, மூணு, ரெண்டு சிஸ்டர். பை பி பாசிடிவ். இவர் ஓ.”

ஓ பிரிவுக்காரர் உடம்பில் பி பிரிவு ரத்தம் ஏறினால் என்ன ஆகும் என்பது நர்சிங் படிப்பில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய பாடம். முதலில் குளிரும். நடுக்கம், காய்ச்சல், இடுப்புவலி. சிறுநீர் சிவப்பாகும். பிறகு வராமலே நின்றுவிடும். பிறகு ஆள் இருக்க மாட்டார்.

குழாயை மடக்கிப் பிடித்துக் கழற்றினேன். ஊசிக்குள் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் குழாயில் சலைன் போட்டேன். கை தானாக எல்லாவற்றையும் செய்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரோலரை உருட்டினேனா இல்லையா? கட்டைவிரலை வைத்தது ஞாபகம் இருக்கிறது. அவளைத் திட்டிக்கொண்டே பழக்கதோஷத்தில் ஒரு சுற்று உருட்டியிருந்தால்? ஆயிரம் தடவை செய்த வேலை. எண்ணாமலே நடந்துவிடும் வேலை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் அந்த ஒரு நொடி மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

“ஒண்ணுமில்லம்மா, பையை மாத்தணும்” என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சின்ன சிஸ்டர் பின்னாலேயே வந்தாள்.

“டாக்டருக்குச் சொல்லணும் சிஸ்டர்.”

“இரு. ஏறியிருக்காது.”

“ஏறலன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“நாளைக்கு ஆய்வு. கொஞ்சம் இரு.”

அவள் வெளியே போகவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்கு நான் முதுகைக் காட்டி நின்றேன். மெமோ, விசாரணை, நாளைக்கு ஊரெல்லாம் என்ன பேசும் என்று ஒவ்வொன்றாக வந்துபோனது. அந்தப் பெரியவர் அந்த வரிசையில் கடைசியில்தான் வந்தார். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வந்தார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று பிறகு கேட்டபோது பத்து நிமிஷம் என்றாள் அவள். எனக்கு அரைநாள் போல இருந்தது.

கதவைத் தட்டியது அந்த அம்மாதான்.

“சிஸ்டரம்மா, எங்க வூட்டாரு குளிருதுன்றாரு. சித்த வந்து பாருங்களேன்.”

மேஜையைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்தேன். டியூட்டி டாக்டரிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆளை மாற்றிவிட்டேன், பை பி, ஆள் ஓ, பொருத்திவிட்டேன், திறந்தேனா தெரியாது, இப்போது குளிர்கிறது. சொல்லி முடித்ததும் என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

டாக்டர் ஓடிவந்தார். பெரியவர் பல் தந்தியடிக்க நடுங்கிக்கொண்டிருந்தார். பெண்டாட்டி இரண்டு உள்ளங்கையாலும் அவர் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாடி, ரத்த அழுத்தம், சூடு எல்லாம் பார்த்தார் டாக்டர். சோதனைக்கு ரத்தம் எடுத்தார். பையையும் குழாயையும் ரத்த வங்கிக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பை வைக்க அவர் முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கியவர் அப்படியே நின்றார்.

“பெட்ஷீட் ஈரமா இருக்கே?”

ஈரம்தான். ஆய்வுக்காக அவசரமாகத் துவைத்து, சரியாகக் காயும் முன்பே கொண்டுவந்து விரித்திருந்தோம். மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. விரிப்பை மாற்றி, ஃபேனை நிறுத்தி, இரண்டு கம்பளி போர்த்தினோம். நடுக்கம் குறைய ஆரம்பித்தது.

“இதுவா இருக்கலாம். ஆனா இதுதான்னு நான் சொல்ல முடியாது” என்றார் டாக்டர். “சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே இருங்க. கால் மணிக்கொரு தரம் எல்லாம் பாருங்க. முக்கியமா யூரின் கலர்.”

ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வார்டு பொறுப்பை வேறு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். ஆய்வுக்கு என்னென்னவோ மிச்சம் இருந்தது. யாரோ வந்து ஏதோ கேட்டார்கள், நான் கையை மட்டும் ஆட்டினேன். நாடியைப் பிடிக்கும்போதெல்லாம் அது அவருடையதா என் விரலுடையதா என்று குழப்பமாக இருந்தது. எண்ணி முடித்து, நம்பாமல், திரும்பவும் எண்ணுவேன்.

அப்போதுதான் அந்த வெறும் மணிக்கட்டைப் பார்த்து, “கையில கட்டின காப்பு எங்கம்மா?” என்று கேட்டேன்.

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். விபூதிப் பொட்டலத்தோடு மடிந்து கிடந்தது பட்டை. பேரும் நம்பரும் தெளிவாகத் தெரிந்தன.

“தப்பா எடுத்துக்காதீங்க. காப்பு கட்டிட்டா அவுக்கற வரைக்கும் எல்ல தாண்டக் கூடாதில்லைங்களா? கொல்லையில மல்லாட்டைச் செடி புடுங்க ஆள் சொல்லியிருக்குது. எப்போ வூட்டுக்குப் போவோமோன்னு இவரு பொலம்பிக்கினே இருந்தாரு. அதான் நானே கத்தரிச்சுட்டேன். தூக்கிப் போட மனசு வரல, சாமி குத்தமாயிடும்.”

திருவிழாவுக்குக் காப்பு கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார் என்பது எனக்கும் தெரியும். நானும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் பிறந்தவள்தானே. கையை நீட்டவைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அந்த வார்த்தையின் பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன். மறுபாதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எழுந்து வார்டைச் சுற்றிப் பார்த்தேன். இன்னும் ஐந்து பேர் கையில் பட்டை இல்லை. பெரியவருக்கும் அந்த ஐந்து பேருக்கும் புதுப் பட்டை எழுதிக் கட்டச் சொன்னேன்.

இரண்டரை மணிக்குப் பெரியவர் சிறுநீர் போக வேண்டும் என்றார். பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சள். என் வாழ்நாளில் யாருடைய மூத்திரத்தையும் அப்படி ஆசையாகப் பார்த்ததில்லை. சின்ன சிஸ்டரைக் கூப்பிட்டு அவள் கண்ணாலும் பார்க்கச் சொன்னேன். நான்கு மணிக்கு டாக்டர் சோதனை முடிவுகளோடு வந்து, “ஏறல சிஸ்டர்” என்றார். எனக்கு அழுகை வந்தது. நன்றியில் வந்த அழுகை இல்லை. பயம் இறங்க வழி தெரியாமல் கண் வழியாக இறங்கியது, அவ்வளவுதான்.

“அவங்களுக்குச் சொல்லணும். நான் சொல்லட்டுமா?” என்று கேட்டார் டாக்டர்.

“என் கைதான். நானே சொல்றேன்.”

தரையில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வேறு ஒருவருக்கு வந்த ரத்தத்தை இவருக்கு ஏற்றப் போனேன், சின்ன சிஸ்டர் தடுத்தாள், முதலில் அதை மறைக்கப் பார்த்தேன் என்பது வரை சொன்னேன்.

“ஏறியிருந்தா செத்துருப்பாராங்க?”

“செத்திருக்கலாம்மா.”

அவர் எழுந்து, ஏற்கெனவே கழுத்துவரை இருந்த கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும் முன் பதிவேட்டை எடுத்து எழுதினேன். பட்டை, பேர், இடமாற்றம், பின்னால் போடும் கையெழுத்து, மருந்து அறையில் நின்ற பத்து நிமிஷம். ஒன்றரைப் பக்கம் வந்தது. வெள்ளை மை தொட்டு எதையும் அழிக்கவில்லை. அன்று சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாள் ஆய்வாளர் வந்தார், மூக்குக்கண்ணாடி போட்ட நடுத்தர வயதுக்காரர். பதிவேட்டில் இருந்த அந்த ஒரே பதிவை நின்றபடியே முழுதும் படித்தார். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சின்ன சிஸ்டரைப் பார்த்து, “இன்சார்ஜ் திட்டியும் நீங்க ஏன்மா விடாம கேட்டீங்க?” என்றார்.

“பயமா இருந்துச்சு சார். அதான் கேட்டேன்.”

சான்று கிடைத்ததா என்றால், கிடைத்தது, கொஞ்ச நாள் கழித்து. மெமோவும் கிடைத்தது. எல்லா வார்டிலும் காப்பு என்பதைப் பேர்ப்பட்டை என்று மாற்றினோம். ரத்தப் பையோடு இரண்டு பேர் கட்டிலுக்குப் போவது கட்டாயமானது. ஆனால் அந்த ஆய்வு நாளில் எனக்கு நடந்தது இதெல்லாம் இல்லை.

ஆய்வாளர் வார்டில் இருக்கும்போதே பெரியவருக்கு உரிய ரத்தம் வந்தது. ஓ பிரிவு, எட்டு மூன்று இரண்டு. நான் ட்ரேயை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். சின்ன சிஸ்டர் ஷீட்டோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா தரையிலிருந்து எழுந்து, கட்டிலுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

“நீங்க வேணாங்க சிஸ்டரம்மா” என்றார், மரியாதையாகவே. “அந்தப் பொண்ணு ஏத்தட்டும்.”

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. “சரிம்மா” என்று ட்ரேயைக் கொடுத்தேன். இன்னொரு சிஸ்டர் வந்து ஷீட்டை வாங்கிக்கொண்டாள். சின்ன சிஸ்டர் பையிலிருந்து படிக்க, மற்றவள் பட்டையிலும் ஷீட்டிலும் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். நான் ஓரமாக நின்றேன். அந்த அம்மா என் பக்கத்தில் வந்து என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். கொல்லையில் களை பிடுங்கிய கை. பிடி இறுக்கமாக இருந்தது. அது ஆறுதலுக்குப் பிடித்த பிடி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. முதல் சொட்டு விழுந்து, இரண்டாவது விழுந்து, பை பாதி இறங்கும்வரை அவர் என் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.